காரணங்கள் மாறின, போர் மாறவில்லை!
ஈராக் போரும் மக்கள் கருத்தும் – ஒரு வரலாற்றுப் பார்வை



போர் தொடுக்கும் எந்த அரசும் தன் மக்களிடம் ஒரு காரணத்தைக் கூறியாக வேண்டும். மன்னராட்சிக் காலத்தில் இக்கட்டாயம் குறைவாக இருந்தது. வாக்குச்சீட்டு மக்களின் கைக்கு வந்த பின்னர், போர்க்களத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவோரும் போருக்கான வரியைச் செலுத்துவோரும் ஆட்சியைத் தேர்ந்தெடுப்போரும் ஒருவரே ஆகிவிட்டனர். எனவே அவர்களுடைய இசைவின்றி நெடுங்காலம் போர் நடத்துவது எந்த அரசுக்கும் எளிதன்று.

ஆனால், சொல்லப்படும் காரணம் உண்மையான காரணம்தானா என்பதை எவ்வாறு அறிவது? நாம் ஓர் எளிய சோதனையை முன்வைக்கிறோம். ஒரு நோய் இருப்பதாகச் சொல்லி மருத்துவர் நமக்கு மருந்து கொடுக்கிறார். அந்நோய் நம்மிடம் இல்லையென்று பின்னர் தெரியவருகிறது. நேர்மையான மருத்துவர் உடனே மருந்தை நிறுத்துவார். மருந்தை நிறுத்தாமல் வேறொரு நோயின் பெயரைச் சொல்லி அதையே தொடர்ந்து கொடுத்தால், அவர் நோயைப் பார்த்து மருந்து கொடுக்கவில்லை, மருந்தை முடிவு செய்துவிட்டு நோயைத் தேடுகிறார் என்றே நாம் கொள்வோம். 2003ஆம் ஆண்டின் ஈராக் போரை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990: இரு தரப்பிலும் மாறிய காரணங்கள்

2003ஆம் ஆண்டைப் புரிந்துகொள்ள 1990ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் சதாம் ஹுசைனின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. காரணங்களை மாற்றுவது ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதற்கு அந்தப் படையெடுப்பே சான்றாகும்.

குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைச் சரியச் செய்கிறது, ருமைலா எண்ணெய் வயலில் ஈராக்குக்கு உரிய எண்ணெயைத் திருடுகிறது என்பவையே ஜூலை மாதத்தில் சதாம் கூறிய குற்றச்சாட்டுகள். படை நுழைந்த நாளில் காரணம் மாறியது. குவைத்தின் புரட்சியாளர்கள் அழைத்ததால் உதவிக்குச் சென்றோம் என்று பாக்தாத் அறிவித்தது. ஒரு வாரம் கழிவதற்குள், ஆகஸ்ட் 8ஆம் நாள், குவைத் ஈராக்குடன் இணைக்கப்பட்டது. அழைத்ததாகச் சொல்லப்பட்ட புரட்சி அரசு இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. ஆகஸ்ட் 12ஆம் நாள், ஆக்கிரமிக்கப்பட்ட அரபு நிலங்களிலிருந்து இஸ்ரேல் விலகுவதுடன் குவைத் பிரச்சினையைச் சதாம் முடிச்சுப் போட்டார். அம்மாத இறுதியில் குவைத் ஈராக்கின் 19ஆவது மாகாணம் என்று அறிவிக்கப்பட்டது. எண்ணெய், புரட்சி, ஃபலஸ்தீன், வரலாற்று உரிமை என நான்கு காரணங்கள் சில வாரங்களுக்குள் வந்து போயின. படை மட்டும் குவைத்திலேயே இருந்தது.

அந்நாட்களில் நம் நாட்டின் பல பகுதிகளில் பிறந்த ஆண் குழந்தைகளுக்குச் சதாம் ஹுசைன் என்று பெயர் சூட்டப்பட்டது. அதே நாட்களில்தான் குவைத்தில் உழைத்துவந்த இந்தியர்கள் சேமிப்பையும் வேலையையும் இழந்து வெளியேறினர். அவர்களில் சுமார் 1,70,000 பேர் ஜோர்தானின் அம்மான் நகரிலிருந்து விமானங்கள் வழியே தாயகம் கொண்டுவரப்பட்டனர். ஃபலஸ்தீன் என்ற சொல் நெஞ்சைத் தொட்டதால், அச்சொல் எப்போது, எதற்காக எடுத்தாளப்பட்டது என்பதைப் பலரும் கேளாமல் விட்டனர்.

மறுதரப்பிலும் இதே நிலைதான். அமெரிக்க அரசு முதலில் சவூதி அரேபியாவைக் காப்பதற்கென்று படைகளை அனுப்பியது. பின்னர் குவைத்தை மீட்பது என்றது. நவம்பரில் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், அமெரிக்கர்களின் வேலைவாய்ப்பே இதில் அடங்கியுள்ளது என்றார். ஈராக்கின் அணு ஆயுத முயற்சியும் காரணமாகச் சேர்க்கப்பட்டது. குவைத் ஆக்கிரமிக்கப்பட்டது மறுக்க முடியாத உண்மை. அந்த உண்மை போதாதென்று ஒரு பொய்யும் சேர்க்கப்பட்டதுதான் வேதனை.

1990 அக்டோபர் 10ஆம் நாள், நய்யிரா என்ற பெயரில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் குழுவின் முன் கண்ணீருடன் சாட்சியமளித்தாள். ஈராக்கியப் படையினர் குவைத் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டர்களிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டதைத் தன் கண்ணால் கண்டதாக அவள் கூறினாள். அதிபரும் செனட்டர்களும் இக்கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தனர். 1991 ஜனவரி 12ஆம் நாள் செனட் சபை 52க்கு 47 என்ற வாக்குகளில் போருக்கு இசைவளித்தது. ஓராண்டு கழித்து, 1992 ஜனவரியில், அச்சிறுமி அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அந்நிகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு விளம்பர நிறுவனம் இருந்தது என்பதும் வெளிவந்தன. கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குள் போர் முடிந்திருந்தது.

முடிவு முன்னே, காரணம் பின்னே

1991க்குப் பிறகு ஐ.நா. பாதுகாப்பு சபை ஈராக்கின் மீது கடும் பொருளாதாரத் தடைகளை நீட்டித்தது. ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்கின் இரசாயன, உயிரியல், அணு ஆயுதத் திட்டங்களைத் தேடி அழித்து வந்தனர். 1998 டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் குண்டு வீசுவதற்குச் சற்று முன் அவர்கள் வெளியேறினர். அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், சதாமின் ஆட்சியை அகற்ற ஆதரவளிப்பதை அமெரிக்காவின் கொள்கையாக்கியது. இந்தத் தேதி கவனிக்கத்தக்கது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்கு ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு முன்பே இக்கொள்கை எழுதப்பட்டிருந்தது.

2001 பிப்ரவரியில் கெய்ரோவுக்குச் சென்ற வெளியுறவு அமைச்சர் காலின் பவல், தடைகள் பலனளித்துள்ளன என்றும், பேரழிவு ஆயுதங்களில் சதாம் குறிப்பிடத்தக்க திறன் எதையும் வளர்த்துக்கொள்ளவில்லை என்றும் கூறியிருந்தார். அடுத்த பதினெட்டு மாதங்களில் ஈராக்கில் என்ன மாறிவிட்டது? நியூயார்க்கும் வாஷிங்டனும் தாக்கப்பட்டதால் அமெரிக்க மக்களின் மனநிலைதான் மாறியிருந்தது. தாக்குதலை நடத்திய 19 பேரில் ஒருவர்கூட ஈராக்கியர் அல்லர்.

2002 ஆகஸ்ட் 26ஆம் நாள் துணை அதிபர் டிக் செனி, சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்பதில் ஐயமே இல்லை என்று அறிவித்தார். செப்டம்பரில் பிரசாரம் முழு வேகமெடுத்தது. அதை ஏன் ஆகஸ்டில் தொடங்கவில்லை என்ற கேள்விக்கு, வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலர் ஆண்ட்ரூ கார்டு அளித்த பதில் பதிவாகியுள்ளது. வணிக நோக்கில் பார்த்தால் புதிய சரக்கை ஆகஸ்டில் சந்தைக்குக் கொண்டுவருவதில்லை என்பதே அவர் சொன்னதன் பொருள். ஒரு போர் சந்தைச் சரக்குக்கு ஒப்பிடப்பட்டது!

செப்டம்பர் 24ஆம் நாள் பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆவணம், ஈராக் 45 நிமிடங்களில் இரசாயன, உயிரியல் ஆயுதங்களை ஏவத் தயாராக முடியும் என்றது. அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 296க்கு 133 என்றும், செனட் சபை 77க்கு 23 என்றும் போருக்கு அதிகாரம் வழங்கின. 2003 பிப்ரவரி 5ஆம் நாள் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்களின் வரைபடங்களைக் காட்டிப் பேசினார். தகவல் சொன்ன ஈராக்கியரை அமெரிக்க உளவுத்துறை நேரில் விசாரித்திருக்கவே இல்லை என்பதும், அவர் சொன்னது கட்டுக்கதை என்பதும் பின்னர் வெளியாயின. அவ்வுரை தம் வாழ்நாள் பணியில் படிந்த கறை என்று 2005இல் பவலே ஒப்புக்கொண்டார்.

ஈராக்கோ 2002 நவம்பரில் ஆய்வாளர்களை மீண்டும் அனுமதித்திருந்தது. ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் அவர்கள் நாடெங்கும் தேடினர். ஆயுதக் குவியல் எதுவும் அகப்படவில்லை. 2003 மார்ச் 7ஆம் நாள், ஈராக் ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றதற்கு ஆதாரமாகத் தரப்பட்ட ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முஹம்மது அல்பராதி பாதுகாப்பு சபையில் அறிவித்தார். எஞ்சிய பணியை முடிக்கச் சில மாதங்கள் வேண்டும் என்று பிளிக்ஸ் கேட்டார். அவருக்குக் கிடைத்தவை பதின்மூன்று நாட்களே.

இங்கேதான் நம்முடைய சோதனையின் முதல் விடை கிடைக்கிறது. ஆயுதங்களைக் களைந்தால் போர் இல்லை என்பதே அதுவரை சொல்லப்பட்டு வந்தது. மார்ச் 17ஆம் நாள் அதிபர் புஷ் விடுத்த இறுதி எச்சரிக்கையோ, சதாமும் அவருடைய புதல்வர்களும் 48 மணி நேரத்தில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றது. ஆயுதத்தைப் பற்றிய கோரிக்கை, ஆளைப் பற்றிய கோரிக்கையாக மாறிவிட்டது. மார்ச் 20ஆம் நாள் விடியற்காலையில் பாக்தாதின் மீது குண்டுகள் விழுந்தன.

உலக மக்கள் என்ன கூறினர்?

இக்காரணங்களை உலகம் அப்படியே ஏற்றுக்கொண்டது என்று எண்ணிவிடலாகாது. 2003 பிப்ரவரி 15ஆம் நாள் உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் பல இலட்சம் மக்கள் வீதிக்கு வந்தனர். லண்டனில் மட்டும் 7,50,000 பேர் திரண்டதாகக் காவல்துறை கணக்கிட்டது. ஏற்பாட்டாளர்களின் கணக்கு அதனினும் மிகுதி. ரோம் நகரின் கூட்டம் அதைவிடப் பெரியது. அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள் அல்லர். எந்த நாடுகளின் அரசுகள் போருக்குத் துணை நின்றனவோ அந்நாடுகளின் குடிமக்களே அவர்கள். இதை நாம் மறக்கலாகாது. ஓர் அரசின் செயலுக்காக ஒரு மக்கள் கூட்டத்தை முழுவதுமாகப் பழிப்பது நீதியாகாது.

ஸ்பெயினில் பத்தில் ஒன்பது பேர் போரை எதிர்ப்பதாகக் கருத்துக் கணிப்பு காட்டியது. ஆயினும் பிரதமர் அஸ்னார் போரை ஆதரித்தார். துருக்கியின் நாடாளுமன்றத்தில் மார்ச் 1ஆம் நாள், அமெரிக்கப் படைகளுக்கு இடமளிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 264 வாக்குகளும் எதிராக 250 வாக்குகளும் விழுந்தன. 19 பேர் நடுநிலை வகித்தனர். வந்திருந்தோரில் பாதிக்கு மேல் ஆதரவு கிட்டாததால் தீர்மானம் தோற்றது. பிரிட்டனில் மூத்த அமைச்சர் ராபின் குக், மக்களின் இசைவோ உலக உடன்பாடோ இல்லாத போருக்குத் தாம் பொறுப்பேற்க இயலாது என்று கூறிப் பதவி விலகினார். ஆயினும் மார்ச் 18ஆம் நாள் அந்நாட்டு மக்களவை 412க்கு 149 என்ற வாக்குகளில் போருக்கு ஒப்புதல் தந்தது.

நம் நாட்டு நாடாளுமன்றம் 2003 ஏப்ரலில் போரைக் கண்டிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் பின்னர் ஈராக்கில் அமைதி காக்க இந்தியப் படையை அனுப்புமாறு அமெரிக்கா வேண்டியது. ஐ.நா.வின் தெளிவான ஆணையின்றி அனுப்ப இயலாது என்று ஜூலை 14ஆம் நாள் வாஜ்பாய் அரசு முடிவெடுத்தது. மக்களின் கருத்துக்கும் நாடாளுமன்றத்தின் குரலுக்கும் மதிப்பிருக்கும்போது ஓர் அரசு மறுப்புச் சொல்ல வலிமை பெறுகிறது என்பதற்கு இது நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டாகும்.

சொல்லப்படாத காரணம்

அமெரிக்க மக்களின் நிலை வேறாக இருந்தது. போருக்கு முந்தைய மாதங்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே படையெடுப்பை ஆதரித்தனர். போர் தொடங்கியதும், அது சரியான முடிவு என்றோர் பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில் 72 விழுக்காடாக உயர்ந்தனர். களத்தில் தம் பிள்ளைகள் நிற்கும்போது மக்கள் அரசின் பின்னால் அணிதிரள்வது எல்லா நாடுகளிலும் காணப்படும் இயல்பே.

ஆனால் மற்றொரு கணிப்பு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்கு நேரடித் தொடர்பு இருக்கக்கூடும் என்று 69 விழுக்காடு அமெரிக்கர்கள் நம்புவதாக வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2003 செப்டம்பரில் வெளியிட்டது. அதே மாதம் 17ஆம் நாள், அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று அதிபர் புஷ்ஷே கூறினார். அப்படியானால் மக்கள் இதை எங்கிருந்து கற்றனர்? செப்டம்பர் 11, பயங்கரவாதம், சதாம், ஈராக் என்ற சொற்கள் ஒரே உரையில், அடுத்தடுத்த வாக்கியங்களில், மாதக்கணக்கில் வைக்கப்பட்டன. இணைக்கும் கோட்டைப் பேசியவர் போடவில்லை, கேட்டவரே போட்டுக்கொண்டார். பொய்யை நேராகச் சொன்னால் மறுக்கலாம். கேட்பவர் தாமாகவே கட்டிக்கொள்ளும் பொய்யை மறுப்பது கடினம்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2003இல் இதை அளந்து பார்த்தனர். ஈராக்குக்கும் அல்காயிதாவுக்கும் தொடர்பு இருந்ததற்குத் தெளிவான சான்று கிடைத்துவிட்டது, பேரழிவு ஆயுதங்கள் கண்டெடுக்கப்பட்டுவிட்டன, உலக மக்கள் போரை ஆதரிக்கின்றனர் என்னும் மூன்று தவறான நம்பிக்கைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இவற்றில் எதையும் நம்பாதவர்களில் 23 விழுக்காட்டினரே போரை ஆதரித்தனர். ஒன்றை நம்பியோரில் 53 விழுக்காடு, இரண்டை நம்பியோரில் 78 விழுக்காடு, மூன்றையும் நம்பியோரில் 86 விழுக்காடு ஆதரித்தனர். எந்தத் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தும் இந்நம்பிக்கைகள் கூடியும் குறைந்தும் இருந்தன. போருக்கு மக்கள் அளித்த ஆதரவு எந்த அளவுக்குத் தவறான செய்திகளின் மீது நின்றது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

காரணங்களின் ஊர்வலம்

பாக்தாத் 2003 ஏப்ரல் 9ஆம் நாள் வீழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட குழு ஈராக் முழுவதும் ஆயுதங்களைத் தேடியது. 2004 ஜனவரியில் பதவி விலகிய அக்குழுவின் தலைவர் டேவிட் கே, நாம் ஏறக்குறைய அனைவருமே தவறாக எண்ணியிருந்தோம் என்று செனட் குழுவிடம் கூறினார். அக்குழுவின் இறுதி அறிக்கை அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. ஆயுதக் குவியல்கள் இல்லை, அணு ஆயுதத் திட்டம் 1991இலேயே முடிந்துவிட்டது என்று அது அறிவித்தது. செப்டம்பர் 11 விசாரணைக் குழுவோ, அல்காயிதாவுடன் சதாம் அரசு கூட்டாகச் செயல்பட்டதற்குச் சான்றில்லை என்று 2004 ஜூலையில் கூறியது.

இரண்டு பெருங்காரணங்களும் விழுந்தன. போர் நின்றதா? நிற்கவில்லை. மாறாக, காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் வந்தன.

முதலில் ஆயுதங்கள் என்ற சொல் தேய்ந்தது. 2004 ஜனவரியில் காங்கிரஸில் உரையாற்றிய அதிபர் புஷ், பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான திட்டச் செயல்பாடுகள் என்ற நீண்ட தொடரைப் பயன்படுத்தினார். இருக்கிறது என்பது, செய்ய எண்ணியிருந்தார் என்பதாகச் சுருங்கியது. பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸோ, அரசுத் துறைகள் அனைத்தும் உடன்படக்கூடிய ஒரே காரணம் என்பதாலேயே ஆயுதங்களை முன்னிறுத்தியதாக 2003 மே மாதப் பேட்டி ஒன்றிலேயே கூறிவிட்டிருந்தார்.

அடுத்து, சதாம் கொடுங்கோலர், ஈராக்கிய மக்களை விடுவித்தோம் என்ற காரணம் முன்னே வந்தது. சதாம் கொடுங்கோலர் என்பதில் ஐயமில்லை. 1988 மார்ச்சில் ஹலப்ஜா நகரில் நச்சுவாயு வீசிச் சுமார் 5,000 குர்து மக்களை அவருடைய படை கொன்றது. கொல்லப்பட்டோர் நம் சகோதரர்களே. அவர்களுடைய இரத்தத்தைச் சதாமின் பெயரால் மறைப்பதும் நீதியன்று. ஆனால் 1988இல் அக்கொடுமை நிகழ்ந்தபோது, ஈரானுடனான போரில் சதாமுக்குத் துணை நின்ற அரசுகள் அவரைத் தண்டிக்க முன்வரவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, வேறு காரணங்கள் தளர்ந்தபோதுதான் ஹலப்ஜா உரத்துப் பேசப்பட்டது. 2004 ஏப்ரல் இறுதியில் அபூகுரைப் சிறையின் படங்கள் வெளியானதும் இந்தக் காரணமும் வலுவிழந்தது. சதாமின் சித்திரவதைக் கூடமாக இருந்த அதே சிறையில், விடுவிக்க வந்தவர்களும் கைதிகளை வதைத்தனர்.

பின்னர், அங்கே போரிடாவிட்டால் பயங்கரவாதிகளுடன் நம் மண்ணில் போரிட நேரிடும் என்று கூறப்பட்டது. படையெடுப்புக்கு முன் ஈராக்கில் இல்லாத அளவுக்கு ஆயுதக் குழுக்கள் பெருகியது படையெடுப்பின் விளைவே. போரின் விளைவு போரைத் தொடர்வதற்கான காரணமாக ஆக்கப்பட்டது. 2005 ஆகஸ்டில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்தன. ஈராக்கின் எண்ணெய் வயல்கள் பயங்கரவாதிகளின் கைக்குச் செல்லக் கூடாது என்பது ஒன்று. உயிர் நீத்த வீரர்கள் எப்பணிக்காக உயிர் கொடுத்தார்களோ அதை முடித்தாக வேண்டும் என்பது மற்றொன்று. இந்தக் கடைசிக் காரணம் எக்காலத்திலும் தோற்காதது. ஏனெனில், போர் நீளுந்தோறும் இறந்தோர் தொகை பெருகும். அத்தொகை பெருகுந்தோறும் காரணமும் வலுக்கும். தம் மகனை ஈராக்கில் இழந்த சின்டி ஷீஹான் என்ற தாய், அதே மாதத்தில் அதிபரின் பண்ணை வீட்டருகே கூடாரமிட்டு அமர்ந்து, என் மகன் எதற்காக இறந்தான் என்று கேட்டார். அக்கேள்வி அமெரிக்கா எங்கும் எதிரொலித்தது.

விழித்த மக்களும் மறந்த மக்களும்

காரணங்கள் மாறமாற மக்களின் கருத்தும் மாறியது. ஆனால் மெதுவாக மாறியது. படை அனுப்பியது தவறு என்றோர், கேலப் கணிப்பில் 2003 மார்ச்சில் 23 விழுக்காடு. 2004 ஜூனில் அது 54 விழுக்காடாயிற்று. சரியான முடிவு என்று 2003இல் 72 விழுக்காட்டினரைக் கண்ட பியூ மையம், 2008இல் 38 விழுக்காட்டினரையே கண்டது. ஸ்பெயின் மக்கள் 2004 மார்ச்சிலேயே ஆட்சியை மாற்றினர். புதிய அரசு படையைத் திரும்ப அழைத்தது. அமெரிக்க மக்கள் 2006 நவம்பரில் காங்கிரஸின் இரு அவைகளையும் எதிர்க்கட்சியிடம் ஒப்படைத்தனர். மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டின் விலகல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அமெரிக்கப் படை ஈராக்கை விட்டு வெளியேற 2011 டிசம்பர் ஆயிற்று. 2014இல் அது மீண்டும் சென்றது. ஏறத்தாழ 4,500 அமெரிக்கப் படையினரும், இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்களும் மாண்டனர். மக்கள் விழித்தது உண்மையே. விழிப்பதற்குள் கொடுத்த விலை திரும்பி வரவில்லை.

பிரிட்டனில் ஜான் சில்காட் தலைமையில் 2009இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, 2016 ஜூலை 6ஆம் நாள் 12 தொகுதிகளில் அறிக்கையை வெளியிட்டது. அமைதி வழிகள் அனைத்தும் தீர்வதற்கு முன்பே படையெடுப்பு நிகழ்ந்தது என்றும், ஆயுதங்கள் பற்றிய தீர்ப்புகள் தகுதிக்கு மீறிய உறுதியுடன் மக்கள் முன் வைக்கப்பட்டன என்றும் அது முடிவு கூறியது. எது நேரினும் உங்களுடன் நிற்பேன் என்று பிரதமர் டோனி பிளேர் 2002 ஜூலை 28ஆம் நாளிலேயே புஷ்ஷுக்கு எழுதியிருந்ததும் வெளிவந்தது. 45 நிமிட ஆவணம் மக்களிடம் தரப்பட்டது அதற்கு எட்டு வாரங்கள் கழித்தே! வாக்குறுதி முன்னே, காரணம் பின்னே.

மக்களின் நினைவைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 2003இல் பிரிட்டனில் எடுக்கப்பட்ட யூகவ் நிறுவனத்தின் கணிப்புகளில் சராசரியாக 54 விழுக்காட்டினர் போர் சரியென்றனர். 2015இல் அதே நிறுவனம், நீங்கள் 2003இல் என்ன கருதினீர்கள் என்று கேட்டபோது, சரியென்று கருதியதாகச் சொன்னோர் 37 விழுக்காட்டினரே. அரசுகள் காரணங்களை மாற்றுவதைப் போலவே மக்களும் தம் நினைவுகளை மாற்றிக்கொள்கின்றனர். தாம் ஏமாற்றப்பட்டதை மறந்தவர் மீண்டும் ஏமாறுவது எளிது.

புலி வந்த நாளில்

பொய்யான காரணத்தின் கேடு அந்த ஒரு போருடன் முடிவதில்லை. 2013 ஆகஸ்ட் 21ஆம் நாள், சிரியாவின் டமாஸ்கஸ் அருகே கூத்தா பகுதியில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தது. பெண்களும் குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர். சாரின் நச்சுவாயு பயன்படுத்தப்பட்டதை ஐ.நா. ஆய்வாளர்கள் அடுத்த மாதமே உறுதி செய்தனர். இம்முறை இரசாயன ஆயுதம் உண்மை. ஆனால் ஆகஸ்ட் 29ஆம் நாள் பிரிட்டன் மக்களவை, இராணுவ நடவடிக்கைக்கான தீர்மானத்தை 285க்கு 272 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. மக்கள் கருத்து என்னும் கிணற்றில் ஈராக் போர் நஞ்சைக் கலந்துவிட்டது என்று பிரதமர் டேவிட் கேமரூன் அந்த விவாதத்திலேயே கூறினார்.

சிரியாவின் மீது குண்டு வீசியிருந்தால் நன்மை விளைந்திருக்கும் என்று நாம் கூறவில்லை. ஈராக்கின் அனுபவம் வேறுவிதமாகவே கற்பிக்கிறது. நாம் சுட்டுவது இதையே: ‘புலி வருது’ என்று பொய்யாகக் கத்தியவனின் கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அக்கதையில் புலி வந்தபோது ஆட்டை இழந்தவன் பொய் சொன்ன சிறுவனே. உலக அரசியலில் பொய் சொன்னவர் ஒருவர், உயிரிழப்பவர் வேறொருவர். பாக்தாதைப் பற்றிச் சொன்ன பொய்யின் விலையில் ஒரு பங்கைக் கூத்தாவின் குழந்தைகளும் செலுத்தினர். அவர்களுடைய மெய்யான துயரத்தையும் உலகம் ஐயத்துடனேயே கேட்டது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் மூன்று கேள்விகளை எடுத்துச் செல்லலாம். ஒரு போருக்கோ பகைமைக்கோ நம்மை யாரேனும் அழைக்கும்போது, அவர்கள் சொல்லும் காரணம் பொய்யென்று தெரிந்தால் தம் செயலை நிறுத்துவார்களா என்பது முதற் கேள்வி. நேற்றுச் சொன்ன காரணமும் இன்று சொல்லும் காரணமும் ஒன்றுதானா என்பது இரண்டாவது கேள்வி. இணைக்கும் கோட்டை அவர்கள் போட்டார்களா, நாமே போட்டுக்கொண்டோமா என்பது மூன்றாவது கேள்வி.

இக்கேள்விகளை வாஷிங்டனிடமும் லண்டனிடமும் மட்டுமன்று, நம் நெஞ்சுக்கு உவப்பான சொற்களைப் பேசுவோரிடமும் கேட்டாக வேண்டும். நமக்குப் பிடிக்காத செய்தியைத் துருவி ஆராய்ந்து, பிடித்த செய்தியை விசாரிக்காமல் பரப்புவது நடுநிலை ஆகாது. 1990இல் குவைத்துக்குள் நுழைந்தவரும், 2003இல் பாக்தாதுக்குள் நுழைந்தவர்களும் ஒரே வழியைத்தான் கையாண்டனர். கேட்போர் கேள்வி கேட்காதவரை அந்த வழி பலிக்கும். முதற் காரணம் சொல்லப்படும் நாளிலேயே அதற்கான சான்றைக் கேட்கும் மக்களே, ஐந்தாவது காரணத்தைக் கேட்கும் துயரத்திலிருந்து தம்மையும் பிறரையும் காத்துக்கொள்ள முடியும்.

சிந்திப்போமாக!